கண்டக்டருக்கு ஏற்ற பரண்

மான் வேட்டைக்குப் போகிறவர்கள் துப்பாக்கியைப் பற்றித்தான் மணிக்கணக்காகப் பேசுவார்கள். பரணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. துப்பாக்கி எவ்வளவு ஒசத்தியாக இருந்தாலும் பரண் தப்பாக அமைந்துவிட்டால் மான் கிடைக்காது, முதுகுவலிதான் கிடைக்கும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஐயா. பரண் வகை தெரியாமல் எழுதிக்கொண்டு போனால், இந்த வாக்குமூலமும் அந்த விசாரணைக் காகிதத்தைப் போலத் தப்பும் தவறுமாகத்தான் முடியும். இன்ஸ்பெக்டர் துரைக்கு நீங்கள் நிதானமாக மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் ஸ்டானிஸ்லாஸ். ஈப்போவிலிருந்து சித்தியவான் போகிற வழியில் மூங்கிலாற்றுத் தோட்டத்தில் மண்டோர். ஆட்களை ரப்பர்க் காட்டுக்கு விட்டு வேலை வாங்குவது என் பிழைப்பு. ஆனால் வெளியே யாரிடமாவது என் பெயரைச் சொன்னால், "பரண்கார மண்டோரா?" என்றுதான் கேட்பார்கள். சித்தியவான் பக்கத்துத் துரைமார்கள்கூட வேட்டைக்கு வந்தால் பரண் கட்ட என்னைத்தான் அனுப்பச் சொல்வார்கள். தோட்டத்தில் புதுக்காடு வெட்டி, எரித்து, ரப்பர்க் கன்று நட்டுவிட்டால் போதும், கடமான்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிடும். தளிரைத் தின்னும், பட்டையை உரிக்கும். அதனால் காட்டோரத்தில் பரண் கட்டி மான் சுடுவது எங்களுக்குப் பொழுதுபோக்கு மட்டும் இல்லை, தோட்ட வேலையும்தான்.

எந்தப் பரண் நல்லது என்று சிலர் கேட்பார்கள். அது ஆளைப் பொறுத்தது. எங்கள் தோட்டத்துத் துரைக்குக் கால்பரண்தான் சரி. நான்கு கம்பு நட்டு அதன்மேல் தட்டு போடுவது. அவர் கனத்த மனிதர். நாற்காலி, போர்வை, சோடா எல்லாம் அவரோடு மேலே போக வேண்டும். மான் வருகிறதோ இல்லையோ, நிம்மதியாகத் தூங்கிவிட்டு இறங்கலாம். விருந்தாளியாக வருகிறவர்களுக்கு மரத்தில் சாய்த்துக் கட்டும் ஏணிப்பரண் போதும். உயரம் குறைவு. தவறி விழுந்தாலும் கால் பிசகும், எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும்.

கிளைப்பரண் அப்படி இல்லை. நல்ல மரமாகப் பார்த்து, உயரத்தில் கவட்டைக்குக் கவட்டை குறுக்குக் கம்பு போட்டு, நான்கு மூலையிலும் ரோத்தான் பிரம்பைப் பிளந்து கட்ட வேண்டும். மனித வாடை மானின் மூக்குக்கு எட்டாது. அசல் வேட்டைக்காரனுக்கு ஏற்றது அதுதான். ஆனால் இருமுகிறவன், கால் மரத்துப்போகிறவன், நடுவில் சுருட்டுப் பற்றவைக்கிறவன் எல்லாம் அதில் ஏறக் கூடாது. மெலிந்த உடம்பும் பொறுமையும் வேண்டும்.

தோட்டத்தில் துரைக்குக் கீழே, மண்டோர்களுக்கு மேலே இருந்த கண்டக்டர் கதிரவேலு அப்படிப்பட்ட ஆள். அதை நான் எந்தக் கோர்ட்டிலும் மறுக்க மாட்டேன்.

பெரிய வெள்ளம் வந்ததற்கு அடுத்த வருஷம் அவர் தைப்பிங்கிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வயதில் எனக்குச் சின்னவர், உத்தியோகத்தில் பெரியவர். ஆனாலும் ஆட்களை அதட்டிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் சம்சாரம் செல்லாச்சியும் தங்கமான பெண். வெள்ளிக்கிழமை கண்டக்டர் மாமிசம் தொட மாட்டார். மற்ற நாளில் மான்கறி என்றால் எலும்பைக்கூட விட மாட்டார். குறியும் தப்பாது. இத்தனை நல்ல குணமுள்ள மனிதரிடம் ஒரே ஒரு குறை இருந்தது. பரணில் ஏறி உட்காரும்முன் கட்டுகளை இழுத்துப் பார்ப்பார்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் இது ஒரு விஷயமா என்று கேட்பது போல இருக்கிறது. எங்கள் தோட்டத்து வழக்கத்தைச் சொல்கிறேன். பரண் கட்டி முடித்ததும் கட்டியவனே முதலில் ஏறுவான். நடுவில் உட்கார்ந்து, ஒரு வாய் வெற்றிலை போட்டு முடிகிறவரை இருந்துவிட்டு இறங்குவான். என் உயிரை வைத்துப் பார்த்துவிட்டேன், இனி நீ ஏறலாம் என்று அதற்கு அர்த்தம். அதன்பிறகு ஏறுகிறவன் கட்டில் கைவைக்கக் கூடாது. வைத்தால், விருந்துக்கு வந்தவன் இலையில் விழுந்த சோற்றை முகர்ந்து பார்க்கிற மாதிரி. துரையே கைவைத்ததில்லை.

கதிரவேலு வைத்தார். முதல் தடவையே, ஏணியில் நின்றபடி நான்கு மூலையிலும் ஒவ்வொரு கட்டையும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கீழே ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குக் கொடி வெட்டித் தருகிற சின்னையா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எல்லாம் இழுத்து முடித்துவிட்டு, "நல்லாத்தான் கட்டியிருக்கு" என்று மேலே இருந்து சொன்னார். இழுத்ததைக்கூட மறந்திருப்பேன். அந்தச் சான்றிதழைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

புதியவர், போகப்போகத் தெரிந்துகொள்வார் என்று விட்டேன். அவர் தெரிந்துகொள்ளவில்லை, மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். விருந்தாளிகள் இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் துரையே தன் கால்பரணின் கம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி குழந்தையம்மாள் என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"அவரு இழுத்துப் பாத்தா ஒங்க கட்டு அவுந்தா போயிருது? பாத்துட்டுப் போறாருன்னு விட்டுருங்களே" என்றாள்.

நியாயமான பேச்சுதான். ஆனால் கட்டுப் போடத் தெரியாதவள் பேச்சு.

கோபத்தில் செய்தான் என்று எழுதிவிடாதீர்கள். எனக்குக் கோபமே இல்லை. யோசித்துப் பார்த்தேன். கையால் இழுத்துப் பார்ப்பதால் ஒரு பயனும் கிடையாது, ஐயா. கை பக்கவாட்டில் இழுக்கிறது. ஆளின் பாரமோ கீழ்நோக்கி இறங்குகிறது. கைக்குத் தாங்கும் கட்டு பாரத்துக்குத் தாங்காமல் போகலாம். இது தெரியாமல் ஒரு படித்த மனிதர் இழுத்துக்கொண்டிருக்கிறார், ஊரையும் இழுக்க வைக்கிறார். யாராவது அவருக்கு விளக்கிக் காட்டத்தானே வேண்டும். வாயால் சொன்னால், மண்டோர் கண்டக்டருக்குப் பாடம் நடத்துகிறான் என்பார்கள்.

ஓடையோரத்துப் புதுக்காட்டில் மான் கன்றுகளைக் கடித்துப் போட்டிருந்தது. கண்டக்டரை உட்கார வைக்கலாம், எந்தப் பரண் கட்டுவாய் என்று துரை கேட்டார். கிளைப்பரண் என்றேன். அவர்மேல் எனக்கு உயிரே இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஏணிப்பரணிலிருந்து பார்த்தால் அந்த ஓடையின் வளைவு தெரியாது. மரத்தையும் பொறுப்பாகத்தான் தேர்ந்தெடுத்தேன். ரப்பர் மரத்தின் கிளை சடக்கென்று முறியும், அதனால் அது வேண்டாம். அத்திமரத்தில் சிவப்பெறும்பு. காட்டோரத்தில் நெட்டையாக ஒரு மரம், காற்று எதிர்ப்பக்கம் போகிற இடம், அதை எடுத்தேன். அதன் அடியில் புதுக்காட்டில் எரிந்த கட்டைகள் கூராகக் கிடந்தன. அவற்றை நான் கொண்டுவந்து போடவில்லை.

சின்னையா அன்று காலையில்தான் பச்சை ரோத்தான் வெட்டிக்கொண்டு வந்தான். நானே பிளந்து, ஓடையில் ஊறப்போட்டு, கட்டினேன். வழக்கத்தையும் விடவில்லை. ஏறி நடுவில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டு முடித்தேன். சின்னையா கீழே நின்று பார்த்தான். பிறகு அவனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, ஏணியில் இறங்குகிற வழியில் நான்காவது கட்டின் உட்பக்க இழைகளைப் பாராங் கத்தி நுனியால் அறுத்தேன். வெளிச்சுற்றைத் தொடவில்லை. கண்டக்டர் எவ்வளவு இழுத்தாலும் அது கைக்குக் கெட்டியாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கணக்காகச் செய்தேன். இழுத்துப் பார்ப்பார், நல்லாத்தான் கட்டியிருக்கு என்பார், உட்காருவார். அப்போது அவருக்கே விளங்கிவிடும்.

சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். துரை தன் பரணுக்குப் போகிற வழியில் நின்றார். ஆட்கள் இருந்தார்கள். கதிரவேலு ஏணியருகில் வந்து நின்று, ஏறாமல் என் பக்கம் திரும்பினார். நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். எல்லார் முன்னாலும் என்னை அண்ணன் என்று கூப்பிட்டார்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. தைப்பிங் பக்கம் ஒரு மரப்பாலம் என்ரை கண்ணுக்கு முன்னாலை உடைஞ்சு விழுந்தது. ஆக்கள் செத்துப்போச்சினம். அதுக்குப் பிறகு எதைக் கண்டாலும் என்ரை கை தானாப் போய் இழுக்குது. உங்களிலை எனக்குச் சந்தேகமில்லை. இனி இழுத்துப் பாக்க மாட்டன்."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக் காட்டிச் சிரித்தார். ஆட்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். துரைக்கு எவ்வளவு புரிந்ததோ, தலையை ஆட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை மாதமாக நான் கேட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். போன மானம் திரும்பி வந்துவிட்டது.

இனிமேல் அவருக்கு விளக்கிக் காட்ட ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரிந்தது. மறைக்காமல் சொல்கிறேன், தடுக்க நேரமும் இருந்தது. அவர் நிதானமாக ஏறுகிறவர். ஏறாதீங்க ஐயா, கட்டு சரியில்லை என்று சொன்னால் முடிந்தது. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். நம்புகிறேன் என்று ஒரு மனிதர் நாலு பேர் முன்னால் சொன்ன மறுநிமிஷம், என் கட்டு சரியில்லை என்று நானே எப்படிச் சொல்வது? என் கட்டைப் பற்றி அந்த வார்த்தையை நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அதனால் ஏணி ஆடாமல் பிடித்துக்கொண்டேன். அவர் துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினேன். தோட்டா போட்ட துப்பாக்கியை ஏற்றுவது ஆபத்து, அதில் நான் கண்டிப்பானவன். அவர் அதை எடுக்க நான்காவது மூலைப் பக்கம் குனிந்தார். தட்டு சரிந்தது. விழும்போது சத்தம்கூடப் போடவில்லை, பாவம். மானைக் கலைக்கக் கூடாது என்கிற பழக்கமோ என்னவோ. கட்டைகளின் மேல் விழுந்தார். நான் போய் மடியில் எடுத்தபோது உயிர் இல்லை.

துக்கத்துக்கு நானும் குழந்தையம்மாளும் போனோம். செல்லாச்சி அம்மாள் எழுந்து வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அண்ணை, அவர் இழுத்துப் பாத்தவரோ?"

இல்லையம்மா என்றேன். உண்மைதானே. அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

"நான்தான் பேசினனான். நீங்கள் மனம் நொந்து போனியள் எண்டு உங்கட வீட்டுக்காரி வந்து சொன்னவா. ஆக்களைச் சந்தேகப்படுற மாதிரி இழுக்காதேங்கோ எண்டு நான்தான் அவரைப் பேசினனான்."

குழந்தையம்மாள் என் பக்கத்தில் நின்றபடியே கதறி அழுதாள். அவள் போய்ச் சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு மனது மிகவும் கஷ்டமாகிவிட்டது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதில் தப்பில்லையம்மா என்று அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்.

அதோடு முடிந்திருக்கும். என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. விசாரணையில்தான் கெட்டது. என்ன நடந்தது என்று சின்னையாவைக் கேட்டார்கள். நான் வெற்றிலை போட்டதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவன் பிரம்பைப் பழி சொன்னான். வெளியே வந்து என் தோளில் கைபோட்டு, "மச்சான், ரோத்தான் பழசு, மழையில ஊறி இத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன். இனிமே ஒனக்கு ஒன்னும் வராதுலா" என்றான். என்னைக் காப்பாற்றிவிட்டதாக அவனுக்கு நினைப்பு. அதிகாரிகளும் அதையே எழுதிக்கொண்டார்கள். மக்கிய கொடியால் கவனக்குறைவாகக் கட்டிய பரண், தானாக அறுந்து விழுந்தது, விபத்து.

இப்போது தோட்டத்தில் யாரும் என்னிடம் பரண் கேட்பதில்லை. துரை ஏணிப்பரண் செய்ய ஈப்போவிலிருந்து ஒரு சீனத் தச்சரை வரவழைத்திருக்கிறார். என்னைக் கண்டால் ஆட்கள் பாவப்படுகிறார்கள். இதைவிடத் தூக்குமேடையே மேல் என்று நினைத்துத்தான் ஈப்போவுக்கு வண்டி ஏறினேன்.

ஆகவே திருத்தி எழுதுங்கள். கதிரவேலுவைக் கொன்றது நான். ரோத்தான் பச்சைக் கொடி, அன்று காலையில் வெட்டியது. கட்டு தானாக அறுந்து போகவில்லை, நான் அறுத்தேன். அறுத்த என் கையில் வேண்டுமானால் தப்பு இருக்கலாம், கட்டிய கையில் இல்லை.

மற்ற மூன்று கட்டுகளும் அந்த மரத்தில் இன்னும் அப்படியே இருக்கின்றன. நான் சொல்வதில் நம்பிக்கை இல்லையென்றால் ஆளை அனுப்பி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.