வீட்டு ஹேண்டிகேப்

ஞாயிறு காலை, கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் செல்லும் ரயிலில், எதிர் இருக்கையில் நடுவயதுத் தம்பதி. கணவரின் மடியில் கோல்ஃப் கோப்பை.

“நேத்து நீங்க பந்தை நூறு தடவை அடிச்சீங்க, உங்க ஃப்ரெண்டு தொண்ணூறு. கொறச்சலா அடிச்சவர்தானே ஜெயிக்கணும்?” என்றார் மனைவி.

“எனக்கு ஹேண்டிகேப் இருபத்தெட்டு லா. சுமாரா ஆடுறவனுக்கு அத்தனை அடியைக் கழிச்சிடுவாங்க. அவனுக்கு எட்டுதான். அப்போ எனக்கு எழுபத்திரண்டு, அவனுக்கு எண்பத்திரண்டு.”

“நல்லா ஆடத் தெரிஞ்சவன் தெரியாத மாதிரி நடிச்சா?”

“அப்படியும் ஆளுங்க இருக்கானுங்க. மாட்டுனா கமிட்டி ஹேண்டிகேப்பை வெட்டிடும்.”

மனைவி பேச்சை மாற்றினார்.

“அடுத்த ஞாயிறு எங்க அண்ணன் குடும்பம் சாப்பிட வருது.”

“அன்னிக்கு எனக்கு மேட்ச் இருக்கே. நான் வீட்டுல இருந்தாலும் என்ன பிரயோஜனம்? எனக்குத்தான் சமைக்கத் தெரியாதே.”

“கல்யாணம் ஆனதிலேர்ந்து இதைத்தான் சொல்றீங்க. எப்பவாவது ஒரு முட்டை பொரிச்சா வீடே கைதட்டுது. போன மாசம் நான் ரவாங் போயிருந்தப்ப நண்டுப் பெரட்டல் செஞ்சீங்களாமே. மக போட்டோ அனுப்பிட்டா.”

கணவர் கோப்பையைத் துடைக்கத் தொடங்கினார்.

“உங்க ஹேண்டிகேப்பை வெட்டியாச்சு,” என்றார் மனைவி.

“யாரு வெட்டுனா?”

“கமிட்டி.”

பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்க எழுந்தபோது கணவர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

“அடுத்த ஞாயிறு நான் வரல லா. வீட்டுல டோர்னமெண்ட்.”

“நண்டு பெருசா பார்த்து வாங்குங்க,” என்றார் மனைவி.