திரும்பும் நேரம் எழுதாத தாளில் கையெழுத்திடாதவருக்கு

இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் கணினிப் பிரிவைக் காத்து இன்று பணி ஓய்வு பெறும் மேடம் அவர்களே,

காலை எட்டே முக்காலுக்கு வருவீர்கள். கைப்பையை நாற்காலியில் மாட்டுவீர்கள். கண்ணாடியைத் துடைப்பீர்கள். மென்பொருளில் மாற்றம் செய்ய அனுமதி கேட்டு நாங்கள் வைத்த விண்ணப்பங்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பீர்கள். மாற்றம் தோற்றால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது என்பது அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

“தோக்காது மேடம்” என்பார் டேட்டாபேஸ்காரர்.

“தோக்காதுன்னா எழுதுறதுக்கு என்ன பயம்? எழுதிட்டு வாங்க சார்.”

எத்தனை மணிக்குத் திரும்புவது, அதை யார் முடிவு செய்வது என்று கேட்பீர்கள். வேலை செய்கிறவர் முடிவு செய்யக் கூடாது, அவர் இன்னும் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டே இருப்பார் என்பீர்கள். முதுகுக்குப் பின்னால் உங்களை ‘ரிவர்ஸ் கியர்’ என்றோம். அது உங்களுக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு காலை, முன்பதிவு மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் நின்றுவிட்டது. பத்தே காலுக்கு, மருத்துவமனையில் என் மனைவிக்குத் துணையாக இருந்த மாமியார் அழைத்தார். “அவளுக்கு மூச்சு வாங்குது மாப்பிள்ள. உடனே வாங்க.”

“பத்து நிமிஷம் மேடம், சரி பண்ணிடுறேன்” என்றேன்.

“நீ கிளம்பு. நான் பழையபடி திருப்பிடுறேன்.”

“பதினொரு மணி வரைக்கும் டைம் இருக்கே மேடம்.”

“அது மெஷினுக்குப் போட்ட டைம்.”

தனியாளாக அதைத் திருப்பினீர்கள். மாற்றம் தோற்ற காரணம் என்ற இடத்தில் ‘என் முடிவு’ என்று எழுதிக் கையொப்பமிட்டீர்கள். மேலிடத்திலிருந்து என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நீங்கள் நெடுங்காலம் நலமாக, அவசரமில்லாத காலைகளோடு வாழ வேண்டும். பிரிவின் ஊழியர்கள் பதினான்கு பேரும் ஒரே மனதாக இதில் கையெழுத்திட்டிருக்கிறோம். இதை எழுதிய நான் ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேனா என்று நீங்கள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

சேர்ந்தேன் மேடம். என் மனைவிக்கு இன்னும் இருபது நிமிட மூச்சு இருந்தது. சர்வர் அறை வாசலில் கிடந்தவற்றில் அவசரத்தில் யாருடையதையோ மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அவள் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, என் காலைப் பார்த்தாள்.

“யாரு செருப்பு இது? பாவம், தேடிட்டு இருப்பாங்க. குடுத்துட்டு வா.”