கால் எப்ப வரும்?

அசார்: …அடுத்தது. தயோ… தயோபென்… இதைச் சொல்றதுக்கே தனியா ஒரு பல்லு வேணும் நிகத்.

நிகத்: தயோபென்டோன். கேளுங்க மச்சான். நாளைக்குப் பரீட்சையில யாரும் சிரிச்சிக்கிட்டுக் கேக்கமாட்டாங்க.

அசார்: செருப்புக் கடைக்காரனைக் கட்டிக்கிட்டா இப்பிடித்தான். சரி, இந்த மயக்க மருந்தை யாருக்குப் போடக்கூடாது?

நிகத்: போர்ஃபிரியாங்கற ரத்த நோய் இருந்தா கூடாது. அப்புறம்… அப்புறம்… போன வருஷமும் இங்கதான் வாயடைச்சு நின்னேன். இந்தத் தடவையும் ஃபெயிலானா…

அசார்: மெதுவா.

நிகத்: …மூச்சிழுப்பு ஜாஸ்தியா இருக்கறவங்களுக்கு.

அசார்: பாத்தியா, வந்துடுச்சு. க்கும்… க்கும்…

நிகத்: சிகரெட்டை விடுங்கன்னா…

அசார்: பரீட்சை உனக்கு. அடுத்த மருந்து, கெட்டமின்?

நிகத்: பிரஷர் ஏறும். தெளியும்போது சில பேர் உளறுவாங்க.

அசார்: மனசுல இருக்கறதெல்லாமா?

நிகத்: ஏன், உங்க மனசுல என்ன இருக்கு?

அசார்: ஒண்ணுமில்ல. முதுகு ஊசிக்கு வா. அதுல உளறமாட்டாங்கல்ல?

நிகத்: முழிச்சிக்கிட்டேதான் இருப்பாங்க. இடுப்புக்கிட்ட, மூணாவது நாலாவது எலும்புக்கு நடுவுல ஊசி. பிரஷர் இறங்கும், அதைப் பாக்கணும். கால் மரத்துடும்.

அசார்: திரும்ப… வந்துடும்ல?

நிகத்: இந்தக் கேள்வி எந்தப் பக்கத்துல இருக்கு?

அசார்: இங்கதான்… ஓரத்துல.

நிகத்: ரெண்டு மூணு மணி நேரத்துல வந்துடும்.

அசார்: எல்லாருக்குமா? கடையில நாள் முழுக்கக் குந்தி எழுந்திருக்கறவனுக்கும்?

நிகத்: அவனுக்கும். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வர்றீங்கதானே?

அசார்: உன்னை ரயில் ஏத்திட்டு அப்பிடியே படப்பை போறேன். சரக்கெடுக்க.

நிகத்: படப்பையில செருப்புச் சரக்கா?

அசார்: ஒருத்தன்… மலிவா குடுக்கறான். க்கும்… க்கும்…

நிகத்: இருமும்போதெல்லாம் கை ஏன் அடிவயித்தை அமுக்குது?

அசார்: லுங்கி அவிழுது.

நிகத்: ஒரு மாசமாவா?

அசார்: …நீ பாஸ் பண்ணு நிகத். மத்ததை அப்புறம் பேசலாம்.

நிகத்: சரி, பேசல. உங்க சட்டைப்பையில இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பாத்துட்டேன். இப்பவே சாப்பிட்டுடுங்க, ராத்திரி பத்துக்கு மேல பச்சைத்தண்ணி கூடாது. நாளைக்குப் படப்பையில உங்க ஹெர்னியா ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போட வர்ற ஞானஜோதி அக்கா என் சீனியர், நான்தான் அவங்களை வரச்சொன்னேன். அவங்ககிட்டயாவது இருமலை ஒளிக்காதீங்க மச்சான்… நான் பரீட்சை முடிச்சு வர்றதுக்குள்ள கால் வந்திருக்கும்.