செண்பகம் போட்ட கோடு

இரவு ஒன்பதே முக்கால். திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகிற சாலையில் ஒரு வண்டி இல்லை. ஐப்பசி பிறக்க இன்னும் நாலு நாள் இருந்தது, அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் எட்டு மணிக்கே போய்விட்டது.

சீனுவாசன் தன் மல்லாட்டைக் கொல்லைக்கு, அதுதான் வேர்க்கடலை நிலத்துக்கு, நடுவில் கட்டுகிற புது வீட்டுக்கு அன்று சாயங்காலம்தான் மேல்தளம் போட்டு முடித்திருந்தோம். தை மாதம் அவர் மகள் ஆர்த்தி பிரசவத்துக்கு வருகிறாள். தாயும் பிள்ளையும் அந்தத் தளத்தின் கீழ்தான் படுக்கப்போகிறார்கள். பச்சைக் கான்கிரீட்டில் மழை அடித்தால் சிமெண்டுப் பாலெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும், ஜல்லி பல்லைக் காட்டும். அதனால் தளத்தைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, சிமெண்டு மூட்டை வைக்கிற தகரக் கொட்டகையில் ஐந்து பேர் காவலுக்கு உட்கார்ந்திருந்தோம். மேஸ்திரியான நான், கொத்தனார் தேவநாதன், சித்தாள் வேணி, ஜல்லி சுமக்கிற ஆட்கள் இரண்டு பேர். வெளிச்சத்துக்கு ஒரு டார்ச் லைட்.

"மேஸ்திரி, காத்து தார்ப்பாயைத் தூக்கிடப் போவுது. ஏறி ஒரு தபா பாத்துட்டு வாங்களேன்" என்றாள் வேணி.

"செங்கல் பாரம் வெச்சிருக்கேன். இங்கருந்தே தெரியுது."

கொட்டகை வாசலிலிருந்து டார்ச் அடித்ததில் தார்ப்பாயின் ஒரு ஓரம் தெரிந்தது. மற்ற மூன்று ஓரத்தையும் நான் மனசுக்குள்ளேயே பார்த்துக்கொண்டேன்.

சாலைக்கு அந்தப் பக்கம் மதகுச் சுவரின்மேல் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். ஆறு மணியிலிருந்து அங்கேதான். மழை கொட்டுகிறது, ஆள் அசையவில்லை. வேணிக்கு மனசு கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டே நிமிஷத்தில் ஓடி வந்தாள்.

"குடைய மேல புடிச்சேன் மேஸ்திரி. மண்டையப் பொத்திக்கினு மழையில தள்ளிப் போயிட்டாரு. அழுவுறாரு."

"விடு. அவன் பேரு தென்னரசு. அந்த ஆளுக்காக நீ நனைஞ்சது தண்டம்."

"தெரிஞ்சவரா?" என்றான் தேவநாதன்.

தெரிந்தவன்தான். என் கூட்டாளி அந்தோணிசாமியின் தங்கை கலையரசியைக் கட்டியவன். கதையைச் சொன்னேன். நல்லவனைப் பற்றிப் பேசுகிற மாதிரி மரியாதை வைத்தெல்லாம் சொல்ல எனக்கு வராது.

இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு புயல் அடித்ததே, அதற்குப் பிறகு ஒரு டிரஸ்ட்டில் பணம் போட்டார்கள். கடலோரத்துப் பழைய வீடுகளின் தளத்தைச் சோதிப்பது, மோசமானதைப் பழுது பார்த்துக் கொடுப்பது என்று பேச்சு. கடல் காற்றில் உப்பு இருக்கிறது. அது தளத்துக்குள் இருக்கிற கம்பியைத் தின்னும். வெளியே வெள்ளையடித்து அழகாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. சோதிக்கிற வேலையை விழுப்புரத்தில் ஒரு கம்பெனி எடுத்தது. அந்தக் கம்பெனியின் சர்வேயர்தான் இந்த மகாராஜன்.

வெள்ளைச் சட்டை, பளபளவென்று ஷூ, கையில் ஒரு டேப்லெட். காரின்மேல் ஓர் அலுமினிய ஏணி. அந்த ஏணியைச் சுற்றிக் கடைக்காரன் கட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக்கூட அவன் ஒரு நாளும் பிரித்ததில்லை.

தளத்தைச் சோதிக்க மூன்று வேலை உண்டு. சின்னச் சுத்தியலால் அடி அடியாகத் தட்டிக் கேட்க வேண்டும். கெட்டியான இடம் டங் என்னும், விட்டுப்போன இடம் டொப் என்னும். அடுத்து, மேலே ஏறி வெடிப்பைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, கீழே ஈரம் கசிந்து ஓதம் பூத்த இடத்தைச் சுற்றிச் சாக்பீசால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுத வேண்டும். கோட்டைத் தாண்டி ஓதம் பரவினால் வீடு ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். தட்டினால் சட்டையில் தூசி விழும். ஏறினால் ஷூ அழுக்காகும். அதனால் இவன் கோடு மட்டும் போடுவான். கோடு போட்டோவில் நன்றாக விழும். ஒரே நாளில் இருபத்தொரு வீடு முடித்தான் என்று கம்பெனியில் கேடயம் கொடுத்தார்கள். அதை நெஞ்சில் அணைத்துக்கொண்டு போட்டோ வேறு எடுத்துக்கொண்டான், வெட்கங்கெட்டவன்.

மரக்காணம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிற செண்பகம் என்று ஒருத்தி. புருஷன் இல்லை. பத்து வயதில் இசைவாணி என்று ஒரு மகள். ஒரே அறை வீடு. தளத்தின் நடுவில் தட்டு அகலத்துக்கு ஓதம்.

"சார், ஒரு தபா மேல ஏறிப் பாருங்க சார். மழை நின்னப்புறமும் ராவெல்லாம் பொடி கொட்டிக்கினே கெடக்குது. புள்ள கண்ணுல வுழுது" என்று கும்பிட்டாள்.

"நான் படிச்சவன்மா. இங்கருந்தே தெரியுது" என்றான்.

அதைச் சொன்னபோது வேணி என்னைப் பார்த்தாள். நான் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டேன்.

தென்னரசு செண்பகம் வீட்டு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். ஓதத்தைச் சுற்றி வட்டமாகக் கோடு. தேதி. ஒரு போட்டோ. "ஈரம் இந்தக் கோட்டைத் தாண்டுனா போன் பண்ணு. தாண்டலன்னா நிம்மதியா தூங்கு." டேப்லெட்டில் நல்ல நிலை என்று தட்டிவிட்டுக் காரில் ஏறினான். அவ்வளவுதான் அவனுடைய படிப்பு.

நாலாம் நாள் ஓதம் கோட்டைத் தாண்டியது. செண்பகம் போன் பண்ணினாள். எடுக்கவில்லை. மறுநாள் நாலு தடவை. ஆறாவது தடவை எடுத்தான், ஏதோ கல்யாணப் பந்தியில் இருந்தான்.

"சார், கோட்டத் தாண்டிடுச்சு சார்."

"பேஜாரு பண்ணாதம்மா. தாண்டிச்சின்னா நீயே தள்ளி இன்னொரு கோடு போட்டுக்கோ. தேதி எழுதி வை. நான் வந்து பாக்குறேன்."

சொன்னானே… ஒரு மனுஷன் வாயால் இதைச் சொன்னானே.

அவள் படித்தவர் பேச்சை நம்புகிறவள். மகளின் பள்ளிக்கூடப் பையிலிருந்து சாக்பீசை எடுத்து, ஸ்டூலில் ஏறிப் போட்டாள். குள்ளமான பெண். எட்டி எட்டிப் போட்டதால் கோடு ஒரே இழுப்பாக வராது, அங்கங்கே விட்டு விட்டு வரும். ஓதம் அதையும் தாண்டியது. இன்னொரு கோடு. அதையும் தாண்டியது. தினமும் ராத்திரி வேலை முடிந்து வந்து, கோட்டைத் தள்ளித் தள்ளிப் போட்டாள். சார் வந்து பார்ப்பார் என்று தேதியும் எழுதி வைத்தாள்.

அவள் தன் ஐந்தாவது கோட்டைப் போட்ட ராத்திரி, மகளை வாசற்படிக்கு நேராக நிலைக்குக் கீழே படுக்க வைத்தாள். ஒருத்தர் படுக்கத்தான் அங்கே இடம். அவள் நடுவில் படுத்தாள். விடியற்காலை நாலு மணிக்குத் தளம் இறங்கியது. பிள்ளை பிழைத்தது, தாய் போய்விட்டாள்.

போய்ப் பார்த்தவர்களில் அந்தோணிசாமியும் ஒருத்தன். விழாமல் நின்ற பாதித் தளத்தில் கோடுகள் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக ஆறு வரிசை தெரிந்ததாம். உள்ளே இருந்தது தென்னரசு போட்டது, மற்றதெல்லாம் அவள் போட்டது. இவன் என்ன செய்தான் தெரியுமா? புயலில் பலவீனப்பட்ட வீடு என்று பழைய தேதி போட்டு ஒரு தாள் எழுதிக் கொடுத்தான். கம்பெனி சத்தமில்லாமல் வைத்துக்கொண்டது. பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட இவன் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டதாகக் கலையரசியே சொன்னாள்.

அன்றைக்கு ராத்திரி ஆரம்பித்தது.

விழுப்புரத்தில் அவன் புதிதாகக் கட்டிய வீடு. வழவழவென்று டைல்ஸ் தரை. தூக்கத்தில் ஒரு சத்தம்… கிர்ர்ர்… டைல்ஸில் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுக்கிற சத்தம். கட்டில் பக்கத்தில் வந்து நின்றது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு தலைக்கு மேலே, எட்டாத இடத்துக்கு எட்டுகிறவர்கள் மூச்சை இழுத்துப் பிடிப்பார்களே, அந்த மூச்சு. பிறகு… சர்… சர்ர்… சர்… விட்டு விட்டு. அறை முழுக்க உப்பளத்துச் சேற்று வாடை. இவன் போர்வைக்குள்ளேயே கிடந்தான்.

விடிந்து பார்த்தால் தலையணைக்கு நேர் மேலே, வெள்ளைத் தளத்தில் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம். பக்கத்தில் தேதி. வட்டத்துக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

பெண்டாட்டி வேலை என்று கலையரசியைத்தான் திட்டினான். துடைத்தான். மறுநாள் அதே வட்டம், வெளியே இன்னொன்று. அடுத்த நாள் அதற்கும் வெளியே. அவள் பயந்துபோய் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏழாம் நாள் வட்டம் நாலு சுவரையும் தொட்டது. திண்டிவனத்தில் லாட்ஜ் எடுத்தான், அங்கேயும் தலைக்கு நேராக. காரில் படுத்தான், காரின் உள்கூரைத் துணியில். பஸ் ஸ்டாண்டில் படுத்தான். சிமெண்டுக் கூரையில் தெரிந்தது, பக்கத்தில் படுத்திருந்த பூக்காரிகூடப் பார்த்தாள்.

அந்தோணிசாமி கோபக்காரன்தான், ஆனாலும் தங்கைக்காகப் போய்ப் புத்தி சொன்னான். "நீ ஏறாம கையெழுத்துப் போட்ட வூடு எத்தினி?"

"நூத்திப் பதினேழு மச்சான்."

"ஜல்தியா கெளம்பு. நானும் கூட வர்றேன். ஒவ்வொரு வூட்டு மேலயும் ஏறு. தட்டிப் பாரு. கெட்டது எதுன்னு எழுதிக் குடு. அவ உன்னக் கேக்குறது அதுதான்."

இவன் வானத்தைப் பார்த்தானாம். பிறகு சொன்னானாம், "மழையில கால் வழுக்கும்ல மச்சான்."

அந்தோணிசாமி அவன் மூஞ்சியில் துப்பிவிட்டு வந்தான். கடைசியில் அந்த வீடுகளை எல்லாம் வேறு ஆட்கள் ஏறிப் பார்த்தார்கள், ஒன்பது வீட்டை உடனே காலி செய்ய வைத்தார்கள். இவன் மட்டும் கூரைக்குப் பயந்து, குடைக்குப் பயந்து, மரத்தடிக்குக்கூடப் பயந்து, இப்படி ஊர் ஊராக மழையில் உட்கார்ந்திருக்கிறான்.

"மேல ஏறாத நாயி" என்று சொல்லி வெளியே துப்பினேன். தேவநாதன் சிரித்தான். மழை கொஞ்சம் விட்டிருந்தது. தகரத்தில் சொட்டுகிற சத்தம் மட்டும்.

அப்போதுதான் கேட்டது.

கிர்ர்ர்…

புது வீட்டுக்குள்ளிருந்து. நிதானமாக, ஒரு மூலையை நோக்கி இழுத்துக்கொண்டு போகிற சத்தம்.

"உள்ள யாராவது கீறாங்களா?" என்றாள் வேணி மெதுவாக.

யாருமில்லை. ஸ்டூலும் இல்லை. அந்த வீட்டில் தரையே இன்னும் போடவில்லை, வெறும் மண் நிரப்பியிருந்தோம். மண்ணில் எதை இழுத்தாலும் அந்தச் சத்தம் வராது.

டார்ச்சைத் திருப்பினேன், மதகில் இருந்தவன் எழுந்தான். எங்கள் பக்கம் பார்க்கவில்லை, அந்த வீட்டைத்தான் பார்த்தான். இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு திண்டிவனம் பக்கமாக நடக்க ஆரம்பித்தான். நடந்தவன் ஓடினான்.

எனக்குப் பயம்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் பயத்தைவிட அவமானம் பெரிதாக இருந்தது. ஏணியை எடுத்துச் சாத்தினேன், தேவநாதனும் பின்னால் வந்தான். ஏறிப் பார்த்தால் வடகிழக்கு மூலையில் தார்ப்பாய் மடிந்து கிடக்கிறது. எவ்வளவு நேரமாகத் திறந்து கிடந்ததோ. சிமெண்டு கழுவிப் போய், இரண்டு முழ அகலத்துக்கு ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அது படுக்கையறை மூலை. ஆர்த்தி பிள்ளையோடு படுக்கப்போகிற மூலை. தார்ப்பாயை இழுத்து மூடிப் பாரம் வைத்தோம். விடிந்ததும் அந்த இடத்தை உடைத்து மறுபடி போட வேண்டும், சீனுவாசனிடம் என் வாயால் சொல்லியும் ஆக வேண்டும்.

இறங்கி, முட்டுக் கம்புகளுக்கு நடுவில் குனிந்து உள்ளே போய், அந்த மூலையின் அடியில் டார்ச் அடித்தேன். தளத்தைத் தாங்குகிற தகட்டில் சிமெண்டுப் பால் வழிந்துகொண்டிருந்தது. சாக்பீஸ் ஒட்டவே ஒட்டாத இடம். அங்கே ஒரு வட்டம் இருந்தது. அங்கங்கே விட்டு விட்டு. பக்கத்தில் அன்றைய தேதி.

கீழே ஈர மண்ணில் ஸ்டூலின் நாலு கால் பதிந்த குழி. சுற்றி ஒரு காலடி இல்லை. மூன்றடி தள்ளி இன்னொரு நாலு குழி. அதற்கு அப்பால் இன்னொரு நாலு. வாசலைத் தாண்டி வெளியே போயின. டார்ச் வெளிச்சத்தில் அவற்றின் பின்னாலேயே நடந்தோம். கொட்டகை வாசல் வரைக்கும் இருந்தன.

உள்ளே வேணி சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் அவ்வளவு நேரமும் உட்கார்ந்து கதை சொன்ன சாக்கைக் கையால் காட்டினாள்.

"நீங்க குந்தினு இருந்த எடத்துல இன்னா மேஸ்திரி… வெள்ளையா பொடி கொட்டிக் கெடக்குது?"

நான் நிமிர்ந்து மேலே பார்க்கவில்லை.