முனி வெட்டுன மூணு நிரை

கத்திதான் ஒங்க மேசையில கெடக்குல்ல கணக்கப்புள்ளத் தம்பி, அப்புறம் எதுக்கு அந்த ரெண்டு காவக்காரனும் வாசல்ல நிக்கிறானுங்க? ஓடிருவேன்னா? அம்பத்தாறு வயசு எனக்கு. இந்த மலையில ஓடி எறங்குற வயசா? என்னமோ தேயிலைக் கொழுந்து திருடுனவன் மாதிரி ரெண்டு கையையும் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்திருக்கானுங்க. சட்டை கிழிஞ்சுபோச்சு பாருங்க. இது என்னா வெலைன்னு தெரியுமா அவனுகளுக்கு?

எழுதுறீங்களா? எழுதுங்க. பேரு ஆண்டியப்பன். ஊரு ஹட்டன். தொழிலா? தொழில் இல்ல. நிமிந்து என்னா பாக்குறீங்க, இல்லன்னா இல்லதான். டவுனுல ரெண்டு கடை நமக்குச் சொந்தம். ஒண்ணுல அலியார் நானா துணிக்கடை வச்சிருக்காரு, மத்ததுல சாப்பாட்டுக்கடை. வாடகை வீடு தேடி வந்துரும். நான் எவனுக்கும் வேலை செய்யிறதில்ல, எவனும் என்னைய ஏண்டான்னு கேக்க முடியாது. ஒங்க தொரையவே நாளைக்கு வேலைய விட்டு நிப்பாட்டுனா, அவரு சீமைக்குப் போயி எவனையாச்சும் கும்புட்டுத்தான் சாப்புடணும். எனக்கு அது இல்ல. அதையும் எழுதிக்கங்க.

அப்பிடியாப்பட்ட ஆளு அடுத்தவன் தோட்டத்துக்குள்ள பூந்து எதுக்குச் செடியக் கவ்வாத்து வெட்டுனேன்னு கேக்குறீங்க. நல்ல கேள்விதான்.

சும்மா காத்து வாங்க வந்தேன்.

ம். காத்து வாங்க வர்றவன் கத்தியோட வருவானான்னு கேக்குறீங்க. கெட்டிக்காரருதான். படிச்ச புள்ள.

சரி, உள்ளதச் சொல்றேன். போன மாசம் றொசல்லைப் பக்கம் பஸ்ல வந்தப்ப ஒங்க எட்டாம் நம்பர் மலையப் பாத்தேன். வெட்டியிருந்த லட்சணத்தப் பாத்து வயிறு எரிஞ்சுபோச்சு. மாடு மேஞ்ச மாதிரி வச்சிருக்கானுங்க. தேயிலைச் செடிய வெட்டுனா ஒரே வீச்சுல சாய்வா விழணும் தம்பி, தண்ணி நிக்காம வடியணும். ஒங்காளு மூணு கொத்து கொத்திப் பட்டைய உரிச்சு வச்சிருக்கான். அதுல தண்ணி நின்னா வேரு வரைக்கும் அழுகிரும். பாசி வழிக்கல, ஒண்ணும் பண்ணல. அதப் பாத்துட்டு எப்பிடி வீட்டுல போயி சாய்வு நாக்காலியில காலை நீட்டுறது?

சிரிக்கிறீங்க. ஓ, முனி கதை ஒங்க காதுக்கும் வந்துச்சா? அதுக்கு நான் என்னா செய்ய? போன வாரம் மொத பஸ்ல வந்தேன், ஆளு வர்றதுக்கு முந்தி மூணு நிரை வெட்டுனேன், வெயில் படாம வெட்டுன விளாற செடி மேல மூடிட்டுப் போயிட்டேன். ஒங்க வீரய்யா கங்காணி வந்து பாத்துட்டு, மனுசன் வெட்டு இல்ல இது, முனிதான் வெட்டியிருக்குன்னு தேங்காய் ஒடைச்சிருக்கான்! சாம்பிராணி வேற! கீழ ரோட்டுல நின்னு பாத்தேன். முனிக்கு வேற வேலை இல்ல பாருங்க, மூணு நிரை வெட்டி, பாசியும் வழிச்சுக் குடுத்துட்டுப் போகுது. இந்த முட்டாப்பயலுகளோடயா முப்பது வருசம் கெடந்தேன்னு நெனைச்சேன்.

ஆமா, முப்பது வருசம். இதே தோட்டம்தான். கீழ் லயத்துல மூணாவது காம்பராதான் நம்ம வீடு. ஒங்களுக்குத் தெரியாது, நீங்க அப்ப பொறந்திருக்கவே மாட்டீங்க. விடிய முந்தி ஆளு எழுப்பத் தப்பு அடிப்பானுங்க. பனியில கம்பளியப் போத்திக்கிட்டு, இந்தா, இந்த ஜன்னலுக்கு வெளிய இருக்கே, இதே ஆளு எண்ணுற பெரட்டுக் களத்துல ஆடு மாதிரி நிப்போம். ஒங்கள மாதிரி ஒரு கணக்கப்புள்ள பேரு பேரா கூப்புடுவான். இருக்கேனுங்க, இருக்கேனுங்கன்னு கத்தணும். கத்துற நேரம் ஆளு இல்லன்னா அன்னைக்கு வேலை இல்ல, கூலி இல்ல. மீனம்மாளுக்கு, என் சம்சாரத்துக்கு, மூத்தவன் சின்னராசா பொறந்த அன்னைக்கு மருத்துவச்சியக் கூட்டியாரப் போயி ரெண்டு நிமிசம் பிந்திட்டேன். திரும்பிப் போடான்னுட்டான். எல்லாப் பயலும் பல்லக் காட்டிச் சிரிச்சானுங்க. அன்னைக்கு முடிவு பண்ணேன் தம்பி, ஒருத்தன் கூப்புட நான் ஓடியார்ற பொழைப்பு இதோட சரின்னு.

லேசுல வரல. ஒரு மாடு, ரெண்டு மாடு, அப்புறம் ஏழு. டவுன் கடைகளுக்கெல்லாம் என் பாலுதான். நல்லது கெட்டதுக்குப் போகல. காமங்கூத்துக்கு ஒரு ரூபா கேட்டு வந்தானுங்க, குடுக்கல. சாணி முதலாளின்னு பேரு வச்சானுங்க எனக்கு. வச்சவனெல்லாம் இப்ப எங்க இருக்கான்? அதே காம்பராவுல, அதே ஒழுகுற தகரத்துக்குக் கீழ. அழகன்னு ஒருத்தன், என் கூட்டாளி, வாடா கூட்டுச் சேந்து மாடு வாங்குவோம்னு கால்ல விழாத கொறையாச் சொன்னேன். எதுக்குடா, போதும்டான்னான். என்னா போதும்? என்னத்தக் கண்டுட்டான் அவன்?

இன்னைக்கு மறுபடி வெட்ட வந்தப்ப என்னையக் காட்டிக் குடுத்தது அவன்தானா? அவந்தான் சொன்னானா, இது ஆண்டியப்பன் வெட்டுன்னு? வெட்டப் பாத்தே கண்டுபுடிச்சுட்டானா?

அவன் கண்ணு தப்பாதுதான்.

இல்ல, கோவமெல்லாம் இல்ல.

டவுனுலயா? நல்லாத்தான் இருக்கு. என்னா கொறை. மீனம்மாளுக்கு நெலை கொள்ளாத சந்தோசம், அலியார் நானா சம்சாரம் றுக்கையாவும் அவளும் வாசல்ல நின்னா பொழுது சாஞ்சிரும். மகன் கொழும்புலேருந்து காயிதம் போடுறான், அப்பா நல்லா ஓய்வு எடுங்கன்னு. எடுக்குறேன். வெள்ளென முழிப்பு வந்துருது, எந்திரிச்சு ஒக்காந்திருப்பேன். மீனம்மா சொல்லுவா, படுங்களேன், எவன் கேக்கப்போறான்னு. நெசந்தான். எவனும் கேக்கப்போறதில்ல. டவுனுல நம்மள மாதிரி ஆளுக நாலஞ்சு பேரு இருக்கானுங்க, கைய வயித்து மேல வச்சுக்கிட்டு, எப்படா சோத்து நேரம் வரும்னு ரோட்டப் பாத்துக்கிட்டு இருப்பானுங்க. தூ! அவனுகளப் பாத்தாலே குமட்டும் எனக்கு. நானும் அவனுக பக்கத்துலதான் ஒக்காந்திருக்கேன், அது வேற. அலியார் நானாவையாச்சும் பள்ளிவாசல்ல ஒரு நாளைக்கு அஞ்சு தடவை கூப்புடுறாங்க.

என்னா, எழுதுன தாளக் கிழிச்சுட்டீங்க? போலீசு கீலீசு இல்லையா? அபராதம் கட்ட காசு கொண்டாந்திருக்கேன் தம்பி, எவ்வளவுன்னாலும்.

ஓ. பெரிய மனுசன்னு விட்டுட்டீங்க. போயிட்டு வாங்க முதலாளி, இனிமே இந்தப் பக்கம் வரக்கூடாதுங்குறீங்க. அவ்வளவுதானா.

கத்தியக் குடுங்க அப்ப. அது இந்தத் தோட்டத்துக் கத்திதான், போறப்ப ஒப்படைக்காமக் கொண்டு போயிட்டேன். நான் திருடுனது அது ஒண்ணுதான். வேணும்னா நீங்களே வச்சுக்கங்க.

போறேன், போறேன். அந்தக் காவக்காரன ரெண்டு பேரையும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. அவனுக காதுல விழ வேணாம்.

ஐயா, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. கூலி வேணாம். செக்ரோல்ல பேரு பதிய வேணாம். எட்டாம் நம்பர் மலைய முடிக்கிற வரைக்கும், காலையில பெரட்டுல கடேசி வரிசையில ஓரமா வந்து நிப்பேன். எல்லாரையும் கூப்புட்டு முடிச்சுட்டு, கடேசியா என்னையவும் ஒரு சத்தம் கூப்புடுங்க. ஆண்டியப்பன்னு மட்டும், முதலாளி வேணாம்.

பிந்தி வந்தா திருப்பி அனுப்பிருங்க. ஒங்கள ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.

பிந்த மாட்டேனுங்க.