மொரெனிக்கே குடித்தது

முப்பது மில்லி என்றால் எவ்வளவு என்று பலருக்குத் தெரியாது. இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் மூன்று மூடி. அதைக் கால் மணிக்கு ஒரு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக, அவசரப்படாமல் குடிக்க வேண்டும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் காற்றும் சேர்ந்து உள்ளே போகும், அதனால் ஸ்ட்ரா கூடாது. சர்க்கரை கூடாது. வாயு அடைத்த பானம் கூடவே கூடாது. உடம்பு இளைப்பதற்காக வயிற்றை வெட்டித் தைத்துக்கொண்டவர்களுக்கு முதல் பத்து நாள் இவ்வளவுதான். லாகோஸ் கிளினிக்கில் கொடுத்த தாளில் எல்லாம் தெளிவாக இருந்தது. அந்தத் தாள் சொன்னபடிதான் நான் நடந்தேன் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

என் பெயர் ஆபெக்கே. வயது அறுபத்தொன்று. இபாதானில் அரசாங்க நர்ஸாக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். மொரெனிக்கே என் தம்பி யிங்காவின் மனைவி. யிங்காவுக்கு அபுஜாவில் வேலை. மாதம் ஒரு முறை வந்து இரண்டு நாள் தங்கி, நன்றாகச் சாப்பிட்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவான். பிள்ளைகள் இரண்டும் கனடாவில். எனவே வீட்டில் நானும் அவளும்தான், பத்து வருடமாக.

அவள் எடை நூற்று நாற்பத்திரண்டு கிலோ. லேஸ் துணிக்கடை வைத்திருந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரையெல்லாம் சிரிக்க வைப்பாள். கல்யாண வீடுகளில் அவள் வந்து இறங்கினால் கொட்டு அடிப்பவர்கள்கூட அவள் பக்கம் திரும்புவார்கள். என்னிடம் ஒரு நாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. கடைக்குப் புதுத் துணி வந்தால் முதல் துண்டு எனக்கு. விருந்தாளிகள் முன்னால் என் தோளில் கை போட்டு, "எங்க அக்கா இல்லன்னா இந்த வீடு நாலு நாள் தாங்காது" என்பாள். இப்படிப்பட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். தாங்கள் நல்லவர்கள் என்ற எண்ணத்திலேயே கொழுத்துப்போனவர்கள்.

போன வருடம் முழங்கால் இரண்டும் மடங்க மறுத்தன. தினமும் நடந்திருக்கலாம். மாவு உருண்டைகளில் இரண்டைக் குறைத்திருக்கலாம். ஏழைகள் அப்படித்தான் செய்கிறார்கள். இவள் லாகோஸுக்குப் போய், நல்ல வயிற்றை முக்கால்வாசி வெட்டி எறிந்துவிட்டு, ஒரு வாழைக்காய் அளவு மிச்சத்தோடு வந்தாள். வந்த அன்றே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"கால் மட்டும் சரியாகட்டும்க்கா. நான் அபுஜாவுக்கே போயி அவரோட இருந்துடறேன். இந்த வீட்ட வித்துடலாம்னு பேசிக்கிட்டிருக்கோம். உங்களுக்கு ஓக்போமோஷோல நம்ம ஆளுங்க பக்கத்துலயே நல்ல இடமா பாத்துக் குடுக்கறோம். நீங்களும் எத்தன நாள்தான் எனக்கு ஒழைப்பீங்க?"

நான் நல்லது என்றேன். அதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் திரும்பத் திரும்ப அதையே கேட்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

முதல் பத்து நாள் என் பராமரிப்பில் யாரும் குறை சொல்ல முடியாது. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் கொடுத்தேன். கோழியை வேகவைத்து மூன்று முறை வடிகட்டிய சாறு கொடுத்தேன். பசி எடுக்காது, ஆனால் ஆசை விடாது, மனசு தாழ்ந்துபோகும், முடி கொட்டும், அழுகை வரும் என்று தாளில் போட்டிருந்தது. எல்லாம் வந்தது. ஒரு நாள் தொலைக்காட்சியில் யாரோ வாழைப்பழம் பொரிப்பதைப் பார்த்து அழுதாள். நாற்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை. பதினோராம் நாள் அடுத்த படிக்கு ஏற்றினேன். பாலும் சத்து மாவுக் கரைசலும். நன்றாகத் தங்கியது. அப்படியே விட்டிருந்தால் இரண்டு மாதத்தில் படியிறங்கி நடந்திருப்பாள். இதை நான் மறைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் லாடிப்போ சித்தப்பா வந்தார். எங்கள் அப்பாவின் தம்பி. ஒரு அட்டைப்பெட்டி மால்ட் சோடா பாட்டிலும் ஆறு டின் பாலும் கொண்டுவந்தார். நீங்கள் வடக்கத்திக்காரர், அதோடு கல்யாணம் ஆகாதவர் என்றும் தெரிகிறது. ஆகவே சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மனைவியாக வந்தவள் கணவன் வீட்டில் தான் காலெடுத்து வைப்பதற்கு முன்னால் பிறந்த ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். அவர்கள் கொடுப்பதை முழங்காலிட்டு இரண்டு கையாலும் வாங்குவாள். வாங்கியதை அவர்கள் முன்னால் கீழே வைக்க மாட்டாள். அவளுக்கு எழுபது வயது ஆனாலும் இதுதான்.

"என்னம்மா, மொகமே வத்திப் போச்சு? இந்த வீட்ல ஒல வெக்கறதில்லியா?" என்றார் சித்தப்பா.

"இல்ல மாமா, டாக்டர் என்ன சொன்னாருன்னா..."

"டாக்டருக்கு என்ன தெரியும்? கத்திய மட்டும் புடிக்கத் தெரியும். ஒடம்புல பொட்டு ரத்தம் இல்ல ஒனக்கு. மால்ட்டுல பால ஊத்திக் குடி, ரெண்டே நாள்ல ரத்தம் ஊறிடும். ஆபெக்கே, கிளாஸ் எடுத்துட்டு வா."

ரத்தம் ஊறுமாம். கறுப்பாக, தித்திப்பாக, நுரை பொங்கும் ஒரு பானத்துக்கு இந்த ஊரில் இருக்கும் மரியாதை மருந்துக்கு இல்லை. படித்தவர், படிக்காதவர் எல்லோரும் நோயாளி வீட்டுக்கு அதைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முப்பத்தொரு வருடம் என் வார்டில் எத்தனை கட்டிலுக்கு அடியிலிருந்து அதை இழுத்துப் போட்டிருப்பேன்.

மொரெனிக்கே என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க சொல்லுங்களேன்" என்றாள், உதடு மட்டும் அசைய. நான் சொல்லலாம். நான் சித்தப்பாவின் ரத்தம், நர்ஸ் வேறு. என் ஒரு வார்த்தைக்கு அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். ஊருக்கெல்லாம் வேடிக்கை காட்டிய வாய் ஒரு சொல்லுக்காக என்னிடம் கெஞ்சுவதை அன்றுதான் பார்த்தேன்.

"பெரியவரு ஆசையா கொண்டாந்திருக்காரு மொரெனிக்கே. ஒரு கிளாஸ்தானே" என்றேன்.

முழங்காலிட்டாள். அந்த முழங்காலோடு. இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். சித்தப்பா காலிக் கிளாஸைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். கால் மணி நேரத்தில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. பிறகு வாந்தி, சாயங்காலம்வரை. அப்போது தாளை எடுத்துப் பார்த்தேன். வாந்தி வந்தால் முதல் படிக்குத் திரும்பி இரண்டு நாள் வெறும் தண்ணீரும் சாறும் கொடுக்கவும் என்று இருந்தது. திரும்பினேன். தாள் சொன்னது, செய்தேன்.

அந்த இரண்டு நாளும் அவள் என் கையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அடுத்த மூடி எப்போது என்று கேட்பாள். அபுஜா பேச்சு எடுக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

மூன்றாம் நாள் எங்கள் ஓயின் பெரியம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். "ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கறா. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க." அவர் ஒரு பெட்டியோடு வந்தார். பிறகு அவருடைய மருமகன், பிறகு அத்தை பிள்ளைகள், பிறகு தேவாலயத்தில் எங்கள் குடும்பத்துப் பெண்கள். என் போனில் நீங்கள் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொண்ட பதினெட்டுச் செய்தியும் அவைதான். நான் எதையும் அழிக்கவில்லையே. அவள் பிறந்த வீட்டு ஆட்கள் ஒருவரையும் நான் கூப்பிடவில்லை என்பதை மட்டும் நீங்கள் கவனிக்கவில்லை. அவர்கள் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள்.

அவள் இளைக்க இளைக்க, வந்தவர்கள் பயந்தார்கள். பயந்தவர்கள் இன்னும் பெரிய பெட்டியாகக் கொண்டுவந்தார்கள். ஒருவராவது ஒரு கேள்வி கேட்க வேண்டுமே. தங்கள் கையாலேயே ஊற்றிக் கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜெபம் செய்துவிட்டு, சமையலறையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அன்பு என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாந்தி, ஒவ்வொரு முறையும் முதல் படி. பாலும் சத்து மாவும் கூடத்து அலமாரியில் பிரிக்காமல் இருந்தன. கரைத்துக் குடிக்க வேண்டிய வைட்டமின் மாத்திரை குமட்டுகிறது என்று ஒரு தரம் சொன்னாள். அதையும் நிறுத்தினேன். கிளினிக் பெண் வாராவாரம் போன் செய்வாள். வாந்தி இருக்கிறதா என்பாள். நான் இல்லை என்பேன். எடை என்ன என்பாள். சொல்வேன். "சூப்பர் மேடம், கலக்கறீங்க" என்பாள். இவர்கள்தான் இப்போது என் மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் மொரெனிக்கே சொன்னாள்: "அக்கா, உங்க கால்ல விழறேன். யாரையும் வர வேணாம்னு சொல்லிடுங்க."

"சொந்தக்காரங்கள வராதேன்னு எப்படிம்மா சொல்றது? நாளைக்கு என்னத்தான ஏசுவாங்க" என்றேன்.

"அப்ப நான் தூங்கறேன்னாவது சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வேலை என்று ஒரு முறை தள்ளிப்போட்டுவிட்டு ஆறாவது வாரம்தான் யிங்கா வந்தான். வாசலிலேயே நின்று வாயைப் பிளந்தான். "அடேயப்பா, கல்யாணத்தப்ப பாத்த பொண்ணு மாதிரியே ஆயிட்டியே." அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கால் ரெண்டும் மரத்துப் போவுதுங்க. எதிர்ல இருக்கறது ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றாள். அவன் சிரித்தான். "முப்பது கிலோ கொறஞ்சா அப்படித்தான் இருக்கும். அக்கா நர்ஸு, அவங்க பாத்துக்குவாங்க." அவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் தலையணையைச் சரி செய்தேன். மறுநாள் அவன் விமானம் ஏறிவிட்டான். என் கூடப் பிறந்தவன்தான், ஆனாலும் சொல்கிறேன், அவனுக்கு மூளை என்று ஒன்றை வைக்க ஆண்டவன் மறந்துவிட்டார்.

இனி நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். கேட்கத் தெரிந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பீர்கள். கால் மரப்பதும் கண் இரட்டையாகத் தெரிவதும் என்ன என்று எனக்குத் தெரியும். நர்ஸ் பரீட்சையில் அதற்கு விடை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி ஓயாத வாந்தியோடு என் வார்டுக்கு வந்து, நடை தள்ளாடி, கண்மணி ஆடி, கடைசியில் தன் புருஷனையே யார் நீ என்று கேட்டதை என் கண்ணால் பார்த்தேன். வாந்தியோடே போய்விடும் ஒரு வைட்டமின், அது இல்லாமல் மூளை அழுகும். மருந்துக் கடையில் யார் கேட்டாலும் கிடைக்கிற சாதாரண ஊசி. எங்கள் தெருமுனைக் கடையில் இருந்தது. போட எனக்குக் கை நடுங்காது.

யிங்கா போன பிறகு நான் பதினோரு நாள் காத்திருந்தேன். அந்தப் பதினோரு நாளில் நான்கு பேரை வரவழைத்தேன். நானே மால்ட் ஊற்றினேன், நானே பால் கலந்தேன், கடைசி இரண்டு முறை கிளாஸை நானே அவள் வாயில் வைத்தேன். அவளால் பிடிக்க முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் என்னைப் பார்த்து அம்மா என்றாள். அப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. நான் செய்தேன். இதற்குக் கீழே எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

உயிர் பிழைத்துவிட்டாள். டாக்டர்கள் அதைப் பெரிய சாதனை மாதிரி பேசுகிறார்கள். ஆனால் நேற்று நடந்தது இன்று நினைவில் இல்லை. யிங்கா அருகில் போனால் யாரோ கடன்காரன் வந்தது போல் ஒதுங்குகிறாள். கடை, லேஸ் துணி, அபுஜா எதுவும் தெரியாது. என்னை மட்டும் தெரிகிறது. வீட்டுக்கு வந்த இரண்டு மாதமாகத் தினமும் காலையில் கேட்பாள், "அக்கா, இன்னிக்கு நான் என்ன குடிக்கலாம்?" நான் சொல்வேன். சொன்னதைக் குடிப்பாள். இப்போது வாந்தி கிடையாது. மாத்திரை தவறுவது கிடையாது. நேரத்துக்குக் கஞ்சி, நேரத்துக்குப் பால். வந்து பாருங்கள், முகம் தெளிந்திருக்கிறது.

அவளுக்குக் காவலாக வைத்த பெண் போலீஸ் நேற்று முழுக்கத் தண்ணீர் நீட்டியும் அவள் வாங்கவில்லை என்றும், அக்கா வந்து சொல்லட்டும் என்று உதடு காய உட்கார்ந்திருக்கிறாள் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். என்னைக் குற்றவாளி என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இருட்டுவதற்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவளை என் அளவுக்கு நேசிக்கிறவர்கள் வேறு யாரும் இல்லை.