சைனாக்காரர் கேட்ட ஹாட் பாட்

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் பேருந்தில், முன் இருக்கையில் இருந்த நிட்டிங் கம்பெனி சூப்பர்வைசர் பக்கத்துப் பெரியவரிடம் பேசிக்கொண்டு வந்தார். ஒட்டுக் கேட்பது தப்புதான். ஆனால் என் மகள் மடியில் தூங்கிவிட்டாள். எழுந்து இடம் மாற முடியவில்லை.

“மெஷின் சரி பண்ண வந்த சைனாக்காரரு ஹாட் பாட் வேணும்னு கேட்டாருங்க. பாத்திரக் கடையில நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். தெறந்து பாத்துட்டு, திருப்பி மூடி வெச்சுப்போட்டாரு.”

“ஏனுங்க, உள்ள ஒண்ணும் வெக்கலீங்களா?”

“இட்லி சூடு ஆறாம வெக்கற டப்பான்னு நெனச்சுப்போட்டேனுங்க. அவரு கேட்டது, கொதிக்கற சூப்புல கறியும் கீரையும் போட்டுப் போட்டு எடுத்துத் திங்கறதாமா. திருப்பூரு பூராத் தேடிட்டேன், கெடைக்கல. வாய்க்குப் புடிச்ச சோறு இல்லீன்னா நாளைக்கே கெளம்பறேன்னுட்டாரு. மெஷினு கழட்டிப் போட்டபடி கெடக்குது.”

“அப்பறமுங்க?”

“டம்ப்ளிங்காச்சும் வேணும்னு போன்ல படம் காட்டுனாரு. எங்கூட்டுக்காரி பாத்துட்டு, இது கொழுக்கட்டைதானேன்னு காரமாச் செஞ்சு குடுத்தா. பதினொண்ணு சாப்பிட்டாருங்க.”

“மெஷினு?”

“அன்னைக்கே ஓடிருச்சுங்க. அவருதான் இன்னும் கெளம்ப மாட்டேங்கறாரு.”